இப்போது என்ன படிக்கிறீர்கள்?



இந்த ஆண்டு கல்வி உதவித்தொகைக்கான நேர்காணலில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் எல்லாம் சரிபார்த்து முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "பாடப்புத்தகம் தவிர இப்போது என்ன படிச்சிட்டு இருக்கே?" பெரும்பாலான பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் வாசிப்பின் சிறப்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவேன்.

இந்த முறை ஒரு மாணவி தலையைக் குனியவில்லை. "ஒண்ணும் படிக்கலை. நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க சாச்சா?" என்று திருப்பிக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய உம்மா பதறிப்போய் முழங்கையால் இடித்தார். அந்தப் பிள்ளை துடுக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. தினசரி குர்ஆன் ஓதுகிறேன், நாளிதழ் பார்க்கிறேன், டிரஸ்டின் கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறேன். ஆனால் ஒரு நூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

நம் கூட்டங்களில் எந்தப் பேச்சும் 'இக்ரஃ' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஹிராக் குகையில் இறங்கிய முதல் சொல்லே 'ஓதுவீராக' என்பதுதான் என்று பெருமையோடு சொல்கிறோம். பேச்சு முடிந்ததும் சாப்பாட்டுப் பந்திக்குப் போகிறோம். டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. பெரியவர்கள் வக்ஃபாகக் கொடுத்த கிதாபுகளும் நூல்களும் அதில் இருக்கின்றன. அதற்குப் பூட்டு உண்டு, சாவி என் மேசை இழுப்பறையில். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அதைத் திறந்தேன். அன்று முதல் நான் படித்ததையும், இப்போது படித்துக்கொண்டிருப்பதையும் இங்கே எழுதுகிறேன். மதிப்புரை எழுதும் தகுதி எனக்கில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையில் வந்தது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல் முன்கிது மினள் ளலால்'. வழிகேட்டிலிருந்து மீட்பது என்பது அதன் பொருள். சிறிய நூல்தான். மதரஸாவில் இருந்தபோது உஸ்தாத் சில பக்கங்களை மட்டும் நடத்தினார். இமாம் அவர்கள் தத்துவவாதிகளுக்கு மறுப்பு எழுதிய பெருமைதான் அன்று மனதில் நின்றது. இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று அரபியிலேயே படிக்கிறேன். அன்று பார்த்த நூல் இது இல்லையோ என்று தோன்றுகிறது.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 484இல், அதாவது 1091இல், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் ஆசிரியராக அமர்த்தப்பட்டார்கள். அக்கால முஸ்லிம் உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய மிக உயர்ந்த இடங்களில் அது ஒன்று. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டு, கிடைத்த ஓய்வு நேரத்தில், ஆசிரியர் யாரும் இல்லாமல், இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில் தத்துவ நூல்களைப் படித்து முடித்ததாக அவர்களே சொல்கிறார்கள். ஒரு துறையில் வல்லவனுக்குச் சமமாக அதைக் கற்காமல் அதில் குறை சொல்லக்கூடாது என்பது அவர்களின் கட்சி. புத்தகத்தைத் திறந்தே பார்க்காமல் 'அது கூடாது' என்று தீர்ப்புச் சொல்லும் நம்மில் பலருக்கு இது உறைக்க வேண்டும். எனக்கு உறைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறோர் இடம். புகழின் உச்சியில் இருந்தபோது இமாம் அவர்கள் தம் நிய்யத்தைத் தாமே சோதித்துப் பார்க்கிறார்கள். தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பதவிக்கும் பேருக்கும் ஆகவா? பதில் அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. பக்தாதை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஒரு நாள் முடிவு செய்கிறார்கள், மறுநாள் அந்த முடிவு கலைந்து போகிறது. ஹிஜ்ரி 488 ரஜபு மாதத்தில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே ஓடுகிறது. முடிவில் நாக்குக் கட்டிக்கொள்கிறது. மாணவர்கள் முன்னே உட்கார்கிறார்கள், ஒரு சொல்லும் வரவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இறங்கிவிட்டது, மருந்தால் ஆகாது என்று வைத்தியர்கள் கைவிரிக்கிறார்கள். பிறகுதான் மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஷாமுக்குப் புறப்படுகிறார்கள். திமிஷ்க் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருக்கிறார்கள்.

பத்தாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தனிமைக் காலத்தை நம் பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். பயான்களில் வராத இரண்டு செய்திகள் இந்த நூலில் உண்டு. புறப்படும்போது கையில் இருந்த செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள், பிள்ளைகளின் உணவுக்குப் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். இராக்கின் செல்வம் முஸ்லிம்களுக்கான வக்ஃப், ஓர் ஆலிம் தம் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பொருளை உலகில் தாம் கண்டதில்லை என்கிறார்கள். டிரஸ்ட் கணக்கைப் பார்க்கிறவன் என்பதால் இந்த வரிகளை மூன்று முறை படித்தேன். வக்ஃப் எதற்காக ஏற்பட்டது என்பதை இத்தனை இயல்பாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. இரண்டாவது செய்தி, ஹஜ்ஜுக்குப் பிறகு அவர்களை ஊர் திரும்ப வைத்தது பிள்ளைகளின் அழைப்பு. உலகைத் துறந்து போன பெரியவரையும் பிள்ளைகள் கூப்பிட்டு இழுத்துக்கொண்டார்கள். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நூலில் எனக்கு விளங்காத பக்கங்களும் உண்டு. ஐம்புலன்களை நம்பலாமா, அறிவை நம்பலாமா என்று அவர்கள் ஐயப்படும் தொடக்கப் பகுதியில் திணறுகிறேன். நம் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறேன், அவரும் படித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது நூல் இப்னு பதூதாவின் பயண நூல். மஹ்தி ஹுசைன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பரோடாவில் 1953இல் வெளியான பதிப்பு. இந்தியா, மாலத்தீவு, இலங்கைப் பகுதிகள் அதில் உள்ளன. கல்லூரிக் காலத்தில் வரலாற்றுத் தேர்வுக்காக இரண்டு பத்தி படித்ததோடு சரி. 1325இல் தம் 21ஆம் வயதில் தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர், ஏறத்தாழ முப்பதாண்டு சுற்றிவிட்டு ஊர் திரும்பி, மொராக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதி 1355இல் முடித்த நூல் இது. நினைவிலிருந்து சொன்னது. இப்னு ஜுபைரின் பழைய பயண நூலிலிருந்தும் சில வருணனைகள் இதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வரியையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நம் கரையில் அவர் இறங்கிய பகுதியை ஒவ்வொரு தமிழ் முஸ்லிமும் படிக்க வேண்டும் என்பேன்.

அவர் வந்தது 1340களில். இலங்கையிலிருந்து வந்த கப்பல் புயலில் சிக்கிக் கரையருகே உடைகிறது. உயிர் பிழைத்து இறங்குகிறார். அப்போது மஅபர் என்று அரபுகள் அழைத்த இந்தப் பகுதியை மதுரையிலிருந்து ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. அவர் மனைவியும் இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்த பெண்ணும் அக்கா தங்கைகள். மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்கள். அதாவது சகலை வீட்டுக்கு வந்து சேர்கிறார் நம் பயணி.

சுல்தானின் பாசறையில் காலுறை அணியாமல் யாரும் அவர் முன்னே போகக்கூடாதாம். எல்லாம் இழந்து வந்தவரிடம் காலுறை ஏது? அங்கே முஸ்லிம்கள் பலர் இருந்தும் முஸ்லிம் அல்லாத ஒருவர்தான் தம்முடையதைக் கொடுத்தார். அதைக் கண்டு வியந்ததாக இப்னு பதூதா சொல்கிறார். அறுநூற்று எழுபதாண்டு கழித்தும் அந்த ஒரு ஜோடிக் காலுறை நூலில் இருக்கிறது. யார் கொடுத்தார் என்பதும் யார் கொடுக்கவில்லை என்பதும் இருக்கிறது.

அடுத்து வருவது படிக்கவே கடினமான பகுதி. போரில் பிடிபட்ட ஊர் மக்களை சுல்தான் கழுவேற்றுகிறார். பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. இப்னு பதூதா இதைக் கண்ணால் பார்த்து எழுதுகிறார். எழுதுவதோடு நிற்கவில்லை. இப்படியோர் இழிசெயலை வேறெந்த அரசரும் செய்து தாம் அறிந்ததில்லை என்றும், இதனால்தான் அல்லாஹ் அவருடைய முடிவை விரைவாக்கினான் என்றும் சொல்கிறார். சில காலத்தில் மதுரையில் கொள்ளைநோய் பரவுகிறது. சுல்தானின் தாய், மகன், மனைவி இறக்கிறார்கள், பிறகு அவரும் இறக்கிறார்.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "இதையெல்லாம் எதுக்கு நம்ம பிரசுரத்துல எழுதுறீங்க? எதிரிக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?" என்றார். இன்றைய சூழலில் அவருடைய அச்சம் எனக்குப் புரியாமலில்லை. எந்த நூற்றாண்டிலோ எவரோ செய்ததற்கு இன்றைய நம் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கொடுமையைக் கண்டித்து எழுதிவைத்தவர் ஒரு முஸ்லிம், ஒரு காழி, அந்த சுல்தானின் உறவினர், அவர் உப்பைத் தின்றவர். சொந்தக்காரன், நம்மவன் என்று அவர் மூடி மறைக்கவில்லை. நம் பிள்ளைகள் இதை வெறுப்போடு எழுதுகிற யாரோ ஒருவர் வழியாக முதன்முதலில் கேள்விப்படுவதைவிட, இப்னு பதூதாவின் வாயிலாகவே கேட்பது மேல் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மூன்றாவது ஒரு நாவல். தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 1988இல் நூலாக வந்தது. அதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த மீரான் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். 2019இல் மறைந்தார்.

இந்த நாவலோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நூல் வந்த புதிதில் என் தங்கை யாரிடமோ இரவல் வாங்கி வந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் மதரஸா முடித்த புதிது, தெரியாதது எதுவும் உலகில் இல்லை என்று நினைத்த வயது. நாவல் படிப்பது நேரக்கேடு, அதிலும் நம் சமுதாயத்தைக் கேலி செய்கிற நாவல் என்று கேள்விப்பட்டேன் என்று சொல்லி, அவள் கையிலிருந்து பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதன்பிறகு கேட்கவில்லை. நான் அதில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை. இமாம் அவர்களின் வார்த்தை ஏன் உறைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இப்போது படித்தேன். சுதந்திரத்துக்கு முந்திய ஒரு கடற்கரை ஊர். வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளி வைத்ததுதான் அங்கே சட்டம். ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி எதிர்க்கிறார்கள். வாத்தியாராக வரும் மெஹபூப்கான் பிள்ளைகளைச் சேர்க்கத் தவிக்கிறார். தங்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் ஊர் மயங்கிக் கிடக்கிறது. முதலாளி வீட்டுப் பெண்களின் துயரம் வீட்டுச் சுவர்களைத் தாண்டி வெளியே கேட்பதில்லை. முடிவைச் சொல்லமாட்டேன். மார்க்கத்தைக் கேலி செய்யும் ஒரு பக்கத்தையும் நான் இதில் காணவில்லை. மார்க்கத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஏழையை மிதிப்பவர்களைத்தான் அது காட்டுகிறது. அந்த ஊர்ப் பேச்சு வழக்கு முதல் ஐம்பது பக்கம் கரடுமுரடாக இருந்தது. பிறகு காதுக்குப் பழகிவிட்டது. ஒரு குறை சொல்வதென்றால், முதலாளியை இன்னும் கொஞ்சம் மனிதராகக் காட்டியிருக்கலாம் என்று பட்டது. அப்படிப்பட்ட முதலாளிகளை நானும் பார்த்தவன். அவர்களுக்கும் இரவில் தூக்கம் வராத நேரங்கள் இருந்தன.

படித்து முடித்த அன்று தங்கைக்குப் போன் செய்தேன். நடந்ததை நினைவுபடுத்தி, "மாப்பு கேட்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தாள். "நான் அப்பவே முடிச்சிட்டேன் காக்கா. நீங்க பள்ளிக்குப் போற நேரமா பார்த்து உம்மாதான் பரண்லேர்ந்து எடுத்துக் கொடுத்தாங்க" என்றாள். உம்மா மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளும் எனக்கு இது தெரியாது. அன்று நாங்கள் அந்த நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். முதலாளியைப் பற்றி நான் சொன்னதைத் தங்கை ஏற்றுக்கொள்ளவில்லை. "உங்களுக்கு அவரோட தூக்கம் தெரியுது, அந்த வீட்டுப் பொண்ணுங்க தூக்கம் தெரியலையே" என்றாள். அந்தக் கோணத்தில் மறுபடியும் படிக்க வேண்டும்.

எங்கள் உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் 'படிக்காதவர்' என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'மகானி'யை உம்மா தடங்கலில்லாமல் படிப்பார்கள். அது அரபுத்தமிழில், அதாவது தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் முறையில் அமைந்த கிதாபு. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் அந்த எழுத்து வழியாகத் தொழுகை, நோன்புச் சட்டங்களைத் தம் தாய்மொழியிலேயே படித்தார்கள். தெருப் பெண்கள் அஸருக்குப் பிறகு கூடுவார்கள், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள், நடுநடுவே கேள்வி கேட்பார்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனவர். 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார், அதற்கு உ.வே. சாமிநாதையர் பாராட்டுரை எழுதினார். அந்த நாவல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள், பரணில் போடமாட்டேன்.

ஒரு நூலைப் படித்துவிட்டு அடுத்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்கிறார்கள். "நல்ல புத்தகம், எல்லாரும் படிக்கணும்" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. எந்த இடத்தில் மூடிவைத்துவிட்டு யோசித்தீர்கள், எந்த இடத்தில் கோபம் வந்தது, எது விளங்கவில்லை, எங்கே அலுத்துப்போய் நிறுத்தினீர்கள் என்று சொன்னால் போதும். பாதியில் நிறுத்தியதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். மார்க்கச் சட்டம் சம்பந்தப்பட்ட ஐயம் வந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது. மற்ற நூல்களில் கருத்து மாறுபட்டால் மாறுபட்டதாகவே இருக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளையும் தான் படித்த படக்கதையைச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கேட்ட கதையைச் சொல்லலாம்.

டிரஸ்ட் நிர்வாகக் குழுவில் இதுபற்றிப் பேசியபோது, ஏழைக்குப் போகவேண்டிய பணத்தில் நாவல் வாங்குவதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நூலக அலமாரி அதில் இல்லை. ஆகவே ஜகாத் கணக்கிலிருந்தோ உதவித்தொகை நிதியிலிருந்தோ ஒரு ரூபாயும் நூல்களுக்குச் செலவிடப்படாது. நூல்களுக்கென்று தனியாகத் தரப்படும் நன்கொடையும் இரவலாகவோ வக்ஃபாகவோ தரப்படும் நூல்களும்தான். தனிக் குறிப்பேடு போட்டிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அலமாரியின் பூட்டை எடுத்துவிட்டோம். இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஒவ்வொரு இரண்டாம் ஞாயிறும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை டிரஸ்ட் மாடியில் கூடுவோம். பெண்களுக்குத் தடுப்பு வைத்துத் தனி இடம் உண்டு, அவர்களும் பேசலாம், ஒலிபெருக்கி அந்தப் பக்கமும் இருக்கும். ஒருவருக்குப் பத்து நிமிடம். தேநீர் உண்டு, பிரியாணி கிடையாது. முதல் கூட்டத்தில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவி முதலில் பேசுகிறாள். அலமாரியிலிருந்து அவள் எடுத்துப் போயிருப்பது இப்னு பதூதா. நண்பர் இன்னும் திருப்பித் தராததால் அவரிடமே நேராகப் போய் வாங்கிக்கொண்டாளாம்.